சேரிப் பொம்பள சொன்னா அது சாட்சி இல்லையா?

சம்மதம் என்பது இந்த நாட்டில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகிற சொல் அல்ல. அவளுடைய சாதியிலிருந்து வருகிற சொல். ஊர்ப்பெண் ஒருத்தி காலனிப் பையனோடு போய்விட்டு, ‘நானாத்தான் போனேன், என்னை யாரும் கடத்தல’ என்று எத்தனை தடவை சொன்னாலும் போலீஸ் ஸ்டேஷன் நம்பாது. காலனிப் பெண் ஒருத்தி, ‘எனக்கு இஷ்டமில்ல, அவன் பலவந்தம் பண்ணான்’ என்று எத்தனை தடவை சொன்னாலும் கோர்ட் நம்பாது. ஒருத்தியின் ‘ஆமாம்’ செல்லாது. இன்னொருத்தியின் ‘இல்லை’ செல்லாது. இரண்டையும் செல்லாக்காசு ஆக்குகிற கை ஒரே கைதான் என்பதை நம் தோழர்கள் பலர் இன்னும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

2012-இல் தருமபுரியில் என்ன நடந்தது? இளவரசனைக் கல்யாணம் செய்துகொண்ட பெண், தானாக வந்தேன் என்றாள். ஊர் அதை ஏற்கவில்லை. அந்த நவம்பர் 7-ஆம் தேதி நத்தம் உள்ளிட்ட மூன்று சேரிகளை எரித்தார்கள். ‘நாடகக் காதல்’ என்று அதற்கு ஒரு கருத்தியலும் தயார் செய்தார்கள். அந்தக் கருத்தியலின் சாரம் என்ன? ‘எங்கள் பெண்ணுக்குச் சம்மதிக்கிற புத்தி கிடையாது.’ சேலத்தில் ஹோமியோபதி படித்த ஹாதியா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மதம், இங்கே சாதி. 24 வயதுப் பெண் பலவீனமானவள், ஏமாற்றப்படக் கூடியவள் என்று சொல்லி 2017-இல் கேரள உயர் நீதிமன்றம் அவள் திருமணத்தையே ரத்து செய்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்தான் அதைத் திருப்பிக் கொடுத்தது.

இதையே புரட்டிப் போட்டால் மதுரா வழக்கு. நம் கூட்டங்களில் இந்த வழக்கைப் பேசாத ஆள் இல்லை. ஆனால் அவள் எதற்காக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டாள் என்று யாரும் சொல்வதில்லை. மகாராஷ்டிராவில் தேசாய்கஞ்ச் ஸ்டேஷன், 1972 மார்ச் 26 ராத்திரி. அம்மா அப்பா இல்லாத ஆதிவாசிப் பெண், கூலி வேலை, வயது பதினாறுக்குள். அவள் விரும்பியவனோடு போனாள். ‘என் தங்கச்சியைக் கடத்திட்டாங்க’ என்று அண்ணன் புகார் கொடுத்தான். விசாரிக்கக் கூட்டிவந்தார்கள். விசாரித்து முடித்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள் இரண்டு போலீஸ்காரர்கள். ஒரே ராத்திரியில், ஒரே கட்டிடத்துக்குள், அவளுடைய ‘ஆமாம்’ விசாரணைக்கு வந்தது, அவளுடைய ‘இல்லை’ காணாமல் போனது.

செஷன்ஸ் நீதிபதி அவளைப் பொய்க்காரி என்றார். ஏற்கெனவே பழக்கப்பட்டவள் என்றார், ஆகவே சம்மதம் என்றார். நாக்பூரில் இருந்த உயர் நீதிமன்ற அமர்வு, பயத்தில் அடங்கிப்போவது சம்மதம் ஆகாது என்று அதைத் திருப்பி, தண்டனை கொடுத்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுதலை செய்தது. காரணம்? உடம்பில் காயம் இல்லை. கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை. மூன்று நீதிபதிகளில் ஒருவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன பி.எஸ். கைலாசம். இதைச் சொல்வது எதற்கென்றால், இந்த அநியாயமெல்லாம் வடக்கே நடப்பது என்று நாம் ஒரு சௌகரியம் வைத்திருக்கிறோமே, அதற்காக.

அடுத்த வருஷம் உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் என்ற நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் இயக்கங்கள் தெருவுக்கு வந்தன. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. போலீஸ் காவலில், அரசு ஊழியன் பிடியில் நடந்தால், ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று அவள் சாட்சியத்தில் சொன்னாலே அப்படித்தான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும், மாறாக நிரூபிப்பது அவன் வேலை. சாட்சியச் சட்டத்தில் 114ஏ. மதுராவுக்கு இதனால் எதுவும் கிடைக்கவில்லை. அவள் கொடுத்த விலையில் மற்றவர்களுக்குக் கிடைத்த சட்டம் இது.

நான் பேங்க் குமாஸ்தா. கவிதை எழுதுவது வேறு கணக்கு. கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு நம்பகம் என்றால் என்னவென்று தெரியும். செக்கில் இருக்கும் கையெழுத்தும் எங்களிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் செக் ரிட்டர்ன். கோர்ட்டும் அப்படித்தான் என்று முதலில் நினைத்தேன். அவள் முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள், நியாயம்தானே என்று. உள்ளே போய்ப் பார்த்தால்தான் அந்த மாதிரிக் கையெழுத்து எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது.

புகார் கொடுக்கப் போகிறாள். ஸ்டேஷன் ரைட்டர் எழுதுகிறார். அவள் ‘சேலைய இழுத்தான், வாயப் பொத்துனான்’ என்கிறாள். அவர் ‘மேற்படி நபர் பலவந்தமாக’ என்று எழுதுகிறார். வாயைப் பொத்தியது போயே போச்சு. பிறகு போலீஸ் விசாரணையில் 161 வாக்குமூலம் எடுக்கிறார்கள். அதில் சொன்னவரின் கையெழுத்து வாங்கவே கூடாது என்பது சட்டம். புதுச் சட்டத்திலும் எண்தான் மாறியிருக்கிறது. போலீஸ் மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் அதற்குக் காரணம், சரி. பிறகு மாஜிஸ்திரேட்டிடம் 164 வாக்குமூலம். அதற்கப்புறம், வருஷங்கள் கழித்துக் கூண்டில் ஏறுகிறாள். அங்கே வக்கீல் அந்தக் கையெழுத்தில்லாத காகிதத்தை எடுத்துவைத்து, ‘வாயைப் பொத்தியதாக நீ போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை, இப்போது சேர்த்துச் சொல்கிறாய்’ என்கிறார். முக்கியமான விஷயத்தை விட்டிருந்தால் அது முரண்பாடு என்று சட்டத்தில் விளக்கமே இருக்கிறது. எங்கள் பேங்கில் கையெழுத்தில்லாத ஸ்லிப்பை வைத்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. கோர்ட்டில் கையெழுத்தில்லாத தாளை வைத்து ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கலாம். அதுவும் அடுத்தவன் எழுதிய தாள், அடுத்தவன் தமிழ்.

சின்னச் சின்ன முரண்பாடுகளைப் பெரிதாக்காதே, அவள் சாட்சியம் நம்பும்படி இருந்தால் வேறு சாட்சியம் தேடாதே என்று 1996-இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தீர்ப்புகள் இருக்கின்றன. பிரச்சினை, அந்தத் தீர்ப்புகள் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டன என்பது. பெண்கள் தரப்புக்குச் சாதகமான தீர்ப்பு என்று எல்லோரும் காட்டும் 1983-ஆம் வருஷத்து பர்வாடா வழக்கை எடுத்துப் படியுங்கள். இந்தியப் பெண் இந்த விஷயத்தில் ஏன் பொய் சொல்ல மாட்டாள் என்பதற்கு வரிசையாகக் காரணம் அடுக்கியிருக்கிறார்கள். குடும்ப மானம் போகும், புருஷன் வெறுப்பான், கல்யாணம் ஆகாது, ஊர் ஒதுக்கும். இவ்வளவு இழப்பை ஏற்று ஒருத்தி சொல்கிறாள் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஜாமீன்தாரர் கேட்கிற கதை. அடமானம் வைக்க மானம் வைத்திருப்பவளுக்குத்தான் நம்பிக்கை என்கிற கடன். ‘அவளுங்களுக்கு ஏது மானம்’ என்று ஊரே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறதே, அவள் எதை அடமானம் வைப்பாள்?

நம் மொழியே இதற்கு உடந்தை. ‘கற்பழிப்பு’ என்று இன்னும் எழுதுகிற பத்திரிகை இருக்கிறது. அழிப்பதற்கு முதலில் கற்பு இருக்க வேண்டும். இருந்ததா இல்லையா என்பதுதான் விசாரணையாக மாறுகிறது. பாதிக்கப்பட்டவள் ‘பொதுவாக ஒழுக்கம் கெட்டவள்’ என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்ற பிரிவு, 155(4), நம் சாட்சியச் சட்டத்தில் 2002 வரை இருந்தது. வெள்ளைக்காரன் 1872-இல் எழுதியது, நாம் பத்திரமாகக் காப்பாற்றினோம். இரண்டு விரல் சோதனை நடத்துகிற டாக்டர் தவறான நடத்தை செய்தவர் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 அக்டோபர் ஆயிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்த கேள்வி நீதிபதியின் மண்டையிலிருந்து போய்விடுமா? 2020-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் உத்தரவில், சம்பவத்துக்குப் பிறகு களைப்பில் தூங்கிவிட்டேன் என்று அவள் சொல்வது இந்தியப் பெண்ணுக்கு அழகல்ல என்று எழுதியது. கண்டனம் வந்த பிறகு அந்த வரியை எடுத்தார்கள்.

போன வருஷம் எங்கள் சேக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குத் துணையாக மூன்று வாய்தா போனேன். எந்தக் கோர்ட், எந்தக் கம்பெனி என்று எழுதமாட்டேன். அவளை அடையாளம் காட்டுவது குற்றம், அதோடு அவள் சொல்லச் சொன்னதை மட்டும்தான் எழுதுவது என்று பேச்சு. விடிகாலையில் டிபன் பாக்ஸோடு ரயில் ஏறி வேலைக்குப் போகிற நூற்றுக்கணக்கான பெண்களில் ஒருத்தி. காண்ட்ராக்ட்காரன் மேல் கேஸ். விசாரணை மூடிய அறையில், ஆகவே நான் வெளியே வேப்பமரத்தடியில். வெளியே வந்தவள் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்:

“ஏம்மா கத்தலன்னு கேக்குறாருண்ணா. கத்துனா யாரு வருவா? காம்பவுண்டுக்குள்ள இருந்தது நாலு பேரு, நாலு பேரும் அவன் ஆளு. மறுநாளும் வேலைக்குப் போயிருக்கியே, பயந்தவ எப்படிம்மா போவன்னு கேக்குறாரு. தேதி இருவத்தெட்டுண்ணா. அன்னிக்கு நின்னா மாசச் சம்பளமே போச்சு. இத எப்படிச் சொல்றது அவுங்ககிட்ட? சம்பளத்துக்காகப் போனேன்னு சொன்னா அதையும் வேற மாதிரி எழுதிப்பாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை. காயம் உண்டா, கூச்சல் உண்டா, ஓடினாயா என்று கேட்கிற கோர்ட்டுக்கு, இருபத்தெட்டாம் தேதி என்பது ஒரு பலவந்தம் என்று தெரியாது. அவன் அவள் கையை முறுக்க வேண்டியதில்லை. வருகைப் பதிவேடு அவன் கையில் இருக்கிறது. எதிர்ப்புக் காட்டவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது, சம்மதம் என்றால் சொல்லாலோ சைகையாலோ ஐயமில்லாமல் தெரிவித்த விருப்பம் என்று 2013 திருத்தம் எழுதியே விட்டது. ஆனாலும் 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பலவீனமாகச் சொன்ன ‘வேண்டாம்’ சில நேரம் ‘சரி’ என்றும் ஆகலாம் என்ற பொருளில் எழுதி ஒருவரை விடுதலை செய்தது. படித்த, தெரிந்தவர்களுக்குள் என்று அதற்கு ஒரு விளக்கம். காண்ட்ராக்ட்காரனிடம் கூலிக்காரி சொல்கிற ‘வேண்டாம் சார்’ எவ்வளவு பலமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

நம் சட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல வாசகம் இருந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 3(1)(12). தலித், பழங்குடிப் பெண்ணின் மனத்தை ஆட்டிவைக்கிற நிலையில் இருப்பவன், அந்த நிலையைப் பயன்படுத்தி, மற்றபடி அவள் சம்மதித்திருக்க மாட்டாத விதத்தில் அவளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினால் குற்றம். பண்ணையார், மேஸ்திரி, முதலாளி எல்லோரையும் பிடிக்கிற வலை. சம்மதத்தையே சந்தேகப்பட்டுப் பார்த்த சட்டம் அது. 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தில் பல நல்ல விஷயங்கள் சேர்ந்தன. அவளுடைய பழைய உறவு, குற்றவாளியோடு இருந்த உறவே ஆனாலும், சம்மதத்துக்கு அத்தாட்சி ஆகாது என்று எழுதினார்கள். ஆனால் பிரிவுகளை மாற்றி அடுக்கியபோது அந்த 12-ஐக் காணோம். யாரும் ஊர்வலம் போனதாக எனக்கு நினைவில்லை. பொதுச் சட்டத்தில் 2013-இலிருந்து, ஆதிக்க நிலையில் இருப்பவன் செய்தால் கூடுதல் தண்டனை என்று 376(2)-இல் ஒரு பிரிவு உண்டு, 114ஏ அனுமானமும் அதற்குப் பொருந்தும். இப்போது அது நியாய சன்ஹிதாவில் 64(2), சாட்சியச் சட்டத்தில் 120. ஆனால் குற்றப்பத்திரிகையில் வெறும் 64(1) என்று போட்டுவிட்டால் அந்த அனுமானம் கிடையாது. நிரூபிக்கிற பாரம் முழுக்க அவள் தலையில். கேஸ் தோற்பது தீர்ப்பு நாளில் என்று நாம் நினைக்கிறோம். பல கேஸ் இந்த ஒரு எண்ணிலேயே தோற்றுவிடுகிறது. எங்கள் பெண்ணின் குற்றப்பத்திரிகையில் போட்டிருப்பது 64(1). அதை மாற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம்.

இனி சாதிக்கு நேராகவே வருகிறேன். 1992 செப்டம்பரில் ராஜஸ்தான் பதேரி கிராமத்தில் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனவர், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை. நம் ஆட்கள் பலர் அவரைத் தலித் என்றே எழுதுகிறார்கள். அவர் குயவர் சாதி. அதைச் சரியாகச் சொல்லிவிட்டே பேசலாம், வாதம் ஒன்றும் குறையாது. குற்றவாளிகளாகச் சொல்லப்பட்டவர்களில் நாலு பேர் குஜ்ஜர், ஒருவர் பிராமணர். 1995 நவம்பரில் செஷன்ஸ் கோர்ட் ஐந்து பேரையும் பலாத்காரக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உயர்சாதிக்காரர்கள், அதுவும் ஒரு பிராமணர் சேர்ந்து, கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருப்பார்கள் என்று நம்ப முடியாதாம். மாமனும் மருமகனும் சேர்ந்து செய்ய மாட்டார்களாம். புருஷன் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டானாம். அந்த வழக்கின் ஆவேசத்திலிருந்துதான் 1997-இல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன, ஆபீஸ் பெண்களுக்கெல்லாம் பாதுகாப்பு கிடைத்தது. எங்கள் பேங்கிலும் அதன்படி ஒரு கமிட்டி இருக்கிறது. பன்வாரிக்கு மட்டும் அந்த விடுதலை விடுதலையாகவே நின்றது.

தொடாதவன் எப்படித் தொடுவான்? தீண்டாமையே குற்றவாளிக்கு அலிபி. பகலில் கிணற்றடியில் தீட்டு, ராத்திரி வைக்கோல் போரில் தீட்டு இல்லை என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்தது செஷன்ஸ் நீதிபதிக்குத் தெரியவில்லை.

அது அந்தக் காலம், ராஜஸ்தான் என்பீர்கள். 2022 ஆகஸ்ட், கோழிக்கோடு. படித்த கேரளம். முற்போக்கு எழுத்தாளர் ஒருவர் மீது தலித் பெண் எழுத்தாளர் ஒருவர் புகார். செஷன்ஸ் கோர்ட் முன்ஜாமீன் கொடுத்தது. அவள் தாழ்த்தப்பட்ட சாதி என்று தெரிந்தே அவர் அவள் உடம்பைத் தொட்டிருப்பார் என்பது நம்பும்படி இல்லை என்றது. அதோடு அவர் சாதி எதிர்ப்பாளர், சீர்திருத்தவாதி என்றும் சொன்னது. அவர் சாதி பார்ப்பவர் என்றால் தொட்டிருக்க மாட்டார், சாதி பார்க்காதவர் என்றால் வன்கொடுமைச் சட்டம் வராது. எந்தப் பக்கம் போனாலும் அவளுக்குக் கதவில்லை. அதே ஆளின் மேல் இன்னொரு பெண் கொடுத்த புகாரில், அவள் உடை தூண்டும்படி இருந்தது என்று எழுதினார்கள். அந்த அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் முதல் உத்தரவை ரத்து செய்தது, உடை பற்றிய வரியை நீக்கியது. குற்றம் நடந்ததா என்பதை நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் காரணங்களைத்தான் கேட்கிறேன். கேட்பது கோர்ட்டை மட்டுமல்ல. சிறுபத்திரிகை வட்டாரத்தில், இயக்க வட்டாரத்தில், ‘அந்தத் தோழர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? சாதி ஒழிப்புப் பேசுகிறவன் என்பதையே நன்னடத்தைச் சான்றிதழாக நீட்டுகிறோம். ‘இயக்கத்துக்குக் கெட்ட பேரு வந்துரும் பாப்பா, உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்’ என்று சொன்ன கமிட்டிகள் நமக்குள் இல்லையா? அந்தக் கமிட்டியும் கோழிக்கோட்டு உத்தரவும் ஒரே பேனாவில் எழுதியவை.

இன்னொரு பக்கம், சாதியைக் காரணம் என்று நிரூபிக்கச் சொல்லும் பொறி. ஆந்திராவில் பார்வையற்ற தலித் பெண் ஒருத்தி வழக்கு, பட்டான் ஜமால் வலி என்பது குற்றவாளியின் பெயரால் அதன் தலைப்பு. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அருமையாகவே எழுதியது. அவள் பெண், தலித், பார்வையற்றவள், மூன்றும் ஒன்றோடொன்று பின்னியது, பிரித்துப் பார்க்க முடியாது என்றது. கண் தெரியாதவள் குரலை வைத்து ஆளை அடையாளம் சொன்னால் அது பார்த்துச் சொன்னதற்குக் குறைந்தது அல்ல என்றது. பலாத்காரத்துக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டப் பிரிவில் விடுதலை. அவள் தலித் ‘என்ற காரணத்தால்’ செய்தான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லையாம். பின்னியது என்று நீங்களே சொன்ன நூலைப் பிரித்துக் காட்டு என்றால் எப்படி? ‘தலித் என்று தெரிந்தே செய்தால் போதும்’ என்று 2016 திருத்தம் மாற்றியிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய சம்பவங்களுக்கு அது உதவாது. ஹாத்ரஸில் 2023 மார்ச்சில் என்ன ஆயிற்று? முதல் நாள் வாக்குமூலத்தில் கழுத்தை நெரித்ததை மட்டும் சொன்னாள், பலாத்காரத்தைப் பிறகுதான் சொன்னாள் என்ற வாதம் நின்றது. தடயவியல் மாதிரி எடுத்ததே பதினொரு நாள் கழித்து. நாலு பேரில் மூவர் விடுதலை. ஒருவனுக்கு மட்டும் தண்டனை, அதுவும் பலாத்காரத்துக்கு இல்லை.

நம்பவே மாட்டார்களா என்றால், நம்பியிருக்கிறார்கள். வாச்சாத்தி. 1992 ஜூன் 20, அரூர் பக்கம் மலையாளிப் பழங்குடிகளின் கிராமம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து புகுந்தது. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். குழந்தைகளோடு பெண்களைச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். திருடிகள் என்று பேர் வைத்துவிட்டால் பிறகு அவள் சொல்வதை யார் கேட்பார்? அந்த ஆகஸ்டிலேயே தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் பாமதி நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடவில்லை (நமக்கும் அவர்களுக்கும் ஆயிரம் சண்டை உண்டு, இந்த விஷயத்தில் சொல்லியாக வேண்டும்). சிபிஐ விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி கோர்ட் தீர்ப்பு. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை, அதில் 17 பேருக்குப் பலாத்காரக் குற்றத்துக்கு. 2023-இல் நீதிபதி வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அதே செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பெண்களின் சாட்சியம் நம்பத்தக்கது என்றார். ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் நஷ்டஈடு, அதில் பாதி குற்றவாளிகளிடமிருந்து வசூல், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேல் நடவடிக்கை.

முப்பத்தொரு வருஷம். 18 பெண்கள் ஒன்றாக நின்றார்கள். ஊரே சாட்சி, பின்னால் ஒரு கட்சி, சிபிஐ, இடிந்த வீடுகள். இவ்வளவும் சேர்ந்தபோது ஒரு பழங்குடிப் பெண்ணின் சொல் கோர்ட்டில் செல்லுபடியானது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து ஒற்றையாகத் திரும்பி வருகிறவளுக்கு இதில் எது இருக்கிறது?

சட்டம் படிக்கிற தம்பி தங்கைகள் இதைப் படித்தால் சில வேலைகள் சொல்கிறேன். புகார் கொடுக்கும்போது கூடப் போங்கள். ரைட்டர் எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவள் சொன்ன வார்த்தையே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ‘வாயப் பொத்துனான்’ என்றால் வாயப் பொத்துனான் என்றே இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாக வாங்குங்கள், அது உரிமை. எந்தப் பிரிவு போட்டிருக்கிறான் என்று முதல் நாளே பாருங்கள். அரசு வக்கீல் சரியில்லை என்றால், 1995 விதிகளில் 4(5)-இன்படி பாதிக்கப்பட்டவர் விருப்பப்படி ஒரு மூத்த வக்கீலை நியமிக்கச் சொல்லிக் கலெக்டரிடம் மனுப் போடலாம். வன்கொடுமை வழக்கு விசாரணை முழுவதையும் வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்று 15ஏ(10) சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அது நடக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறுக்கு விசாரணையில் என்னென்ன கேட்டார்கள் என்று நாளைக்கு நம்மிடம் ஆதாரம் வேண்டும்.

இன்னொன்று, நம் வீடுகளுக்குள். ‘அன்னிக்கே ஏன் சொல்லல’ என்ற கேள்வியைக் கோர்ட்டுக்கு முன்னால் அவளிடம் முதலில் கேட்பது நம் தெருவும் நம் சங்கமும்தான். எங்கள் பெண்ணிடமும் அவளுடைய மாமியார் கேட்டாள், நாட்டாமை கேட்டார், இயக்கத்தில் இருக்கிற என் நண்பர் ஒருவரும் கேட்டார்.

வழக்கு நடக்கிறது. அடுத்த வாய்தா பன்னிரண்டாம் தேதி. பதினொன்றாம் தேதி வரைக்கும் ஓவர்டைம் பார்த்து அந்த ஒருநாள் லீவைச் சரிக்கட்டுகிறாள்.